அறிவியல் வகுப்பில் நம் பெண் மக்கள்



ஆண்டுதோறும் கோடையில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும்போது நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழுகின்றது. கோவைக் கோட்டைமேட்டிலும் கரும்புக்கடையிலும், திருப்பூரிலும் ஈரோட்டிலும், பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் கேள்வி ஒன்றேதான்: "அடுத்து எந்தப் பிரிவில் சேர்ப்பது?" தேர்ச்சி பெற்றவன் மகன் என்றால், இதற்கு விடை காண அத்தாவும் மாமாவும் பெரியத்தாவும் கூடி அமர்ந்து பல நாள் பேசுவர். தெரிந்த ஆசிரியர்களைத் தேடிச் சென்று கருத்துக் கேட்பர். தேர்ச்சி பெற்றவள் மகள் என்றால் பேச்சு விரைவில் முடிந்துவிடும். "செய்முறை வகுப்பு முடிந்து வர நேரமாகும், கணக்கிற்குத் தனி வகுப்பு வைக்க வேண்டும், பெண் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு சிரமம்?" என்று ஒருவர் கூற, மற்றவர்கள் தலையசைப்பர்.

இவ்வாறு கூறுபவர்கள் மகளின் மீது அன்பில்லாதவர்கள் அல்லர். அவளுடைய நலன் கருதியே கூறுகின்றனர். வியப்பு யாதெனில், பல வேளைகளில் அந்தப் பெண்ணும், "எனக்கு அறிவியல் வராது, வேறு பிரிவே போதும்" என்று தானே கூறிவிடுகின்றாள். அறிவியலில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளை ஏன் அவ்வாறு கூற வேண்டும்? அந்த எண்ணம் அவள் உள்ளத்தில் எப்போது, எவ்வழியே புகுந்தது? பேராசிரியர்கள் சிலர் தங்கள் வாழ்நாளையே செலவிட்டு ஆராய்ந்த கேள்வி இது. இத்திங்கள் இதனை நாமும் சற்று ஆராய்வோம்.

கோவை கண்ட பேராசிரியை

அறிவியலுக்கும் பெண்ணுக்கும் என்ன தொடர்பு என்று ஐயுறுவோர், முதலில் நம் கோவை மாநகரின் வரலாற்றையே புரட்டிப் பார்க்கலாம். 1912ஆம் ஆண்டு இங்கு நிறுவப்பெற்ற கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், 1930களில் மரபியல் ஆய்வு நடத்தியவர்களுள் ஒருவர் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் என்னும் பெண்மணி. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உயரிய ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், இக்கோவை மண்ணில் கரும்பின் மரபணுக்களை ஆராய்ந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, சி. டி. டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம்கள் குறித்த பெருநூலை 1945இல் வெளியிட்டார்.

ஜானகி அம்மாள் ஆய்வாளர். அடுத்து நாம் காணவிருப்பவர், ஆய்வோடு நில்லாமல் பல்லாயிரம் பெண்களுக்கு அறிவியலைக் கற்பிக்கும் பணியை ஏற்றவர். அவரே டாக்டர் இராஜம்மாள் தேவதாஸ்.

1919ஆம் ஆண்டு செங்கத்தில் பிறந்த இராஜம்மாள், சென்னையில் கல்லூரிப் படிப்பை முடித்து, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்தியலில் முனைவர் பட்டம் பெற்றார். நம் நாட்டுப் பெண்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கவும் அறியாதிருந்த காலம் அது. தாயகம் திரும்பிப் பல இடங்களில் பணியாற்றிய பின்னர், அவருடைய வாழ்வு கோவையோடு இணைந்தது.

திருப்பூரில் பிறந்து, 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக விளங்கிய தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள், 1957இல் கோவையில் பெண்களுக்கென மனையியல் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். கொங்கு நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்த பெண்கள் தங்கிப் பயில அது வழிவகுத்தது. அக்கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்ற இராஜம்மாள், பல்லாண்டுகள் அதனை வழிநடத்தினார். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது அதன் துணைவேந்தராகவும், பின்னர் வேந்தராகவும் விளங்கினார். 1992இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2002இல் மறைந்தார்.

மனையியல் அறிவியலா?

இங்கே ஒரு வினா எழலாம். மனையியல் என்பது சமையலும் தையலும்தானே, அதற்கு ஏன் கல்லூரி, அதற்கு ஏன் ஆராய்ச்சி என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். இராஜம்மாள் தம் பணியால் இதற்கு விடையளித்தார். மனையியலைக் கற்பிக்கும் முறைகள் குறித்தே அவர் தனி நூல் எழுதினார். எதைக் கற்பிக்கின்றோம் என்பதோடு, எவ்வாறு கற்பிக்கின்றோம் என்பதும் ஆராயத்தக்க பொருள் என அவர் கருதினார்.

ஒரு சான்று காண்போம். அவருடைய கல்லூரியில் உருவான சத்துணவுக் கலவை ஒன்றிற்குக் 'குழந்தை அமுது' என்று பெயர். வறுத்த தானிய மாவு, பாசிப்பயறு, நிலக்கடலை, வெல்லம் ஆகிய எளிய பொருள்களைக் கொண்டது அது. விலையுயர்ந்த பால் மாவு வாங்க இயலாத தாயும், தன் ஊர்ச் சந்தையில் கிடைப்பதைக் கொண்டே குழந்தையைப் பேணலாம் என்பது அதன் நோக்கம்.

இதில் அறிவியல் எங்கே உள்ளது? தானியங்களின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் குறைவு. தானியத்தில் அது உண்டு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றது. நோன்புக் கஞ்சியில் அரிசியோடு பாசிப்பருப்பைச் சேர்க்கின்றோமே, அங்கும் இதே கணக்குத்தான் உள்ளது. நம் பாட்டிமார் கைப்பழக்கமாகச் செய்ததன் காரணத்தை அளந்து, நிறுத்து, ஆய்ந்து கூறுவதே அறிவியல்.

1982இல் தமிழக அரசு சத்துணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கியபோது, அதன் பயன்களை ஆராய்ந்து எழுதியவர்களுள் இராஜம்மாளும் ஒருவர். அடுப்படியில் தொடங்கிய அறிவு, ஒரு மாநிலத்தின் இலட்சக்கணக்கான குழந்தைகளின் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்னும் ஆலோசனை வரை சென்றது. இவ்வறிவின் தேவை இன்றும் தீர்ந்துவிடவில்லை. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேர் இரத்தச் சோகை உடையவர்கள். உணவுடன் தேநீர் அருந்தினால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும் என்பதையும், எலுமிச்சைச் சாறு அதனைப் பெருக்கும் என்பதையும் காரணத்தோடு அறிந்த பெண் ஒருத்தி, ஒரு குடும்பத்தையே காக்க வல்லவள் அல்லவா?

ஆயினும் மறுபக்கத்தையும் நேர்மையோடு நோக்க வேண்டும். "பெண் பிள்ளைதானே, மனையியல் போதும்" என்று கூறி, இயற்பியலிலோ கணிதத்திலோ நாட்டமுள்ள பெண்ணை அங்கே தள்ளிவிட்டால், அது அவளுக்கும் நீதியன்று; மனையியலுக்கும் பெருமையன்று. இராஜம்மாள் அதனைத் தாமே விரும்பித் தேர்ந்தெடுத்தார். உலகின் முன்னணிப் பல்கலைக்கழகம் வரை சென்று கற்றார். விரும்பிப் புகுந்தவருக்கு எத்துறையும் வாயிலாகும். வேறு வழியின்றிப் புகுந்தவருக்கு அதே துறை சுவராகிவிடும். ஆகவே, எந்தப் பாடம் என்பதைக் காட்டிலும், அதனைத் தேர்ந்தெடுக்கும் துணிவு நம் பெண்ணுக்கு இருந்ததா என்பதே முதன்மையான வினா. அத்துணிவு உருவாகும் இடம், அல்லது குலையும் இடம், பள்ளி வகுப்பறை ஆகும்.

ஒரு விநாடியும் மூன்று விநாடியும்

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்னும் அறிவியல் கல்விப் பேராசிரியை இருந்தார். அறிவியல் வகுப்புகளில் ஆசிரியர் பேசுவதையும் மாணவர் பேசுவதையும் ஒலிப்பதிவு செய்து, கடிகாரம் கொண்டு அளந்தவர் அவர். 1970களில் வெளியான அவருடைய முடிவு ஆசிரியர் உலகையே வியக்கச் செய்தது. ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டபின், விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடி அளவே! அதற்குள் விடை வராவிடில், வேறொரு மாணவரிடம் சென்றுவிடுகின்றார்; அல்லது தாமே விடையைக் கூறிவிடுகின்றார்.

அதே ஆசிரியர்கள் பயிற்சி பெற்று, மூன்று விநாடியேனும் பொறுத்திருந்தபோது வகுப்பே மாறியது. விடைகள் நீண்டன. காரணம் காட்டி விளக்கும் பழக்கம் பெருகியது. ஒருபோதும் வாய் திறவாதிருந்த பிள்ளைகள் பேசத் தொடங்கினர். கூச்சமுடைய பிள்ளைக்கு அறிவு குறைவென்று ஆசிரியர் எண்ணியிருந்தது, உண்மையில் தாம் அளித்த நேரத்தின் குறைவு என்பது தெளிவாயிற்று.

மைரா சாட்கர், டேவிட் சாட்கர் என்னும் கல்வியாளர் இணையர், வகுப்பறையில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்பதைப் பல்லாண்டுகள் நேரில் இருந்து கவனித்தனர். 1994இல் அவர்கள் வெளியிட்ட நூலில் கண்டபடி, அழைக்கப்படாமலே விடையை உரக்கக் கூறும் செயலை மாணவர்கள் மாணவிகளைப் போல் எட்டு மடங்கு செய்தனர். மாணவன் அவ்வாறு கூறினால் ஆசிரியர் விடையை ஏற்றுக்கொண்டு மேலே செல்வார். மாணவி கூறினாலோ, "கையை உயர்த்திவிட்டுப் பேசு" என்பார். ஆசிரியைகளும் இதற்கு விலக்கல்லர். தாம் அவ்வாறு நடப்பதை அவர்களில் பலர் அறிந்திருக்கவுமில்லை.

இது அமெரிக்காவின் கதை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. "பெண் பிள்ளை அடக்கமாகப் பேச வேண்டும்" என்று சொல்லி வளர்க்கும் நம் இல்லங்களிலிருந்து செல்லும் மாணவிக்கு, அந்த ஒரு விநாடி எங்ஙனம் போதும்? அடக்கம் நற்பண்பே. ஆனால் அறிவியல் வகுப்பில் ஐயம் கேளாதிருப்பது அடக்கம் ஆகாது. ஐயம் தோன்றும்போது வினவுவதே கல்வியின் தொடக்கம் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர்.

ஓர் ஆசிரியரின் சொல் எத்தகைய வலிமையுடையது என்பதற்கு மரியம் மிர்ஸாகானியின் வாழ்வு சான்று. கணிதத்தின் மிக உயரிய பரிசுகளுள் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014இல் வென்றவர். அதனைப் பெற்ற முதல் பெண்மணி. ஈரான் நாட்டின் தலைநகரான தெஹ்ரானில் பெண்கள் பள்ளியில் பயின்றவர். நடுநிலை வகுப்பில் அவருடைய கணித ஆசிரியர், இவருக்குக் கணிதத்தில் தனித்திறமை இல்லையென்று கருதினார். அதனால் சிறுமி மரியம் நம்பிக்கை இழந்தார், மதிப்பெண்ணும் குறைந்தது. அடுத்த ஆண்டு ஊக்கமளிக்கும் வேறோர் ஆசிரியர் வாய்த்தபோது நிலைமை மாறியது. அவர் வாய்த்திராவிடில்? 2017இல் தம் 40ஆவது வயதில் மறைந்த அந்த அறிவாளியை உலகம் அறிந்திருக்குமா என்பதே ஐயம்தான்.

குழந்தைகள் வரைந்த படங்கள்

டேவிட் வேட் சேம்பர்ஸ் என்னும் ஆய்வாளர், 4,807 குழந்தைகளிடம், "ஓர் அறிவியல் அறிஞரின் படத்தை வரை" என்று கூறிப் பெற்ற படங்களை ஆராய்ந்து 1983இல் முடிவை வெளியிட்டார். அவற்றுள் பெண் அறிஞரைக் காட்டியவை 28 மட்டுமே. அந்த 28ஐயும் வரைந்தவர்கள் சிறுமியரே. சிறுவன் ஒருவன்கூடப் பெண்ணை வரையவில்லை. பிற்காலத்தில் அமெரிக்காவில் இத்தகைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2018இல் வெளியான ஆராய்ச்சி, 1980களுக்குப் பிந்திய படங்களில் ஏறத்தாழ 100க்கு 28 பெண் உருவம் கொண்டவை என்று காட்டியது. நிலைமை மாறி வருகின்றது என்பதில் மகிழ்ச்சி. ஆனால் அதே ஆராய்ச்சி மற்றொன்றையும் கூறியது: வயது ஏற ஏறப் பிள்ளைகள் ஆண் உருவத்தையே மிகுதியாக வரைகின்றனர். அதாவது, பள்ளியில் பயிலப் பயில இந்த எண்ணம் வலுப்பெறுகின்றது.

நம் நாட்டில் இத்துறையில் உழைத்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர், மும்பையில் 1974இல் தொடங்கப்பெற்ற ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் பேராசிரியையாகப் பணியாற்றிய சுக்ரா சுனாவாலா. அறிவியலையும் அறிவியல் அறிஞரையும் நம் மாணவர்கள் எவ்வாறு எண்ணுகின்றனர் என்பதைச் சவிதா லடாகே என்பவருடன் இணைந்து ஆராய்ந்து 1998இல் அறிக்கை வெளியிட்டார். பாலின வேறுபாடு குறித்து மாணவரும் ஆசிரியரும் கொண்டுள்ள கருத்துகளையும் பின்னர் ஆராய்ந்தார்.

அவரும் உடன் பணியாற்றியோரும் நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கென வகுத்த செய்முறைப் பாடங்கள் நம் சிந்தனைக்குரியவை. புத்தகம் கொண்டுசெல்லும் பை ஒன்றைத் தைத்தல், எடையைத் தூக்கும் காற்றாலை மாதிரி ஒன்றை அமைத்தல், பொம்மலாட்டப் பொம்மை செய்து நிகழ்ச்சி நடத்துதல் ஆகிய மூன்றும் அவை. மாணவரும் மாணவியரும் குழுக்களாகப் பிரிந்து, முதலில் படம் வரைந்து திட்டமிட்டு, பின்னர் தம் கைகளால் செய்தனர்.

இத்தேர்வின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். தையல் பெண்ணுக்கு, இயந்திரம் ஆணுக்கு என்று நாம் பிரித்து வைத்துள்ளோம். பின்னலாடை நகரமான திருப்பூரில் தையல் இயந்திரத்தின் முன் ஆண்கள் வரிசையாக அமர்ந்திருப்பதை நாள்தோறும் காண்கின்றோம். ஊதியம் கிடைக்கும் இடத்தில் அது தொழில்; வீட்டில் மகள் செய்தால் அது பொழுதுபோக்கு. பை ஒன்றைத் தைக்கத் துணியை அளந்து, வடிவத்தைக் கணித்து, எவ்வளவு எடை தாங்கும் என்று சோதிக்க வேண்டும். அது வடிவியலும் இயற்பியலும் கலந்த பாடம். நம் பெண்கள் பலருக்கு அந்த அறிவு கைகளில் உள்ளது. அதற்கு அறிவியல் என்னும் பெயரை எவரும் அவர்களிடம் கூறவில்லை, அவ்வளவே.

கல்லூரி வரை வந்தவர்கள் எங்கே?

இன்று நம் நாட்டில் பெண்கள் அறிவியல் பயில்வது அரிதன்று. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, அறிவியல் பிரிவில் பயின்ற 57.2 இலட்சம் பேரில் 29.8 இலட்சம் பேர் பெண்கள். அதாவது பாதிக்கும் மேல். ஆனால் 2018ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் புள்ளிவிவரம், ஆராய்ச்சிப் பணியில் நேரடியாக ஈடுபட்டோரில் பெண்கள் 100க்கு 17 பேர்கூட இல்லை என்று காட்டுகின்றது. வகுப்பில் பாதிக்கு மேல் அமர்ந்திருப்பவர்கள், ஆய்வுக்கூடத்தில் ஆறில் ஒரு பங்கே உள்ளனர். இடையில் அவர்களை இழுத்து நிறுத்துவன திருமணம், இடமாற்றம், குழந்தைப் பேறு, குடும்பப் பொறுப்பு எனப் பல. எல்லாப் பெண்களும் ஆய்வாளராக வேண்டும் என்பதில்லை. ஆக விரும்பியவளும் ஆக இயலாது போவதே வருந்தத்தக்கது.

நாம் செய்ய வேண்டுவன

பெற்றோர்களே! அரசும் பள்ளியும் செய்ய வேண்டியவை பல உள. ஆனால் இன்று மாலையே நம் இல்லத்தில் நாம் செய்யத்தக்கவை சில உண்டு.

மகளிடம் ஒரு கேள்வி கேட்டால், அவள் விடையளிக்கும் வரை பொறுத்திருங்கள். அண்ணனோ தம்பியோ முந்திக்கொண்டு விடை கூறினால் தடுத்து, "அவள் கூறட்டும்" என்று சொல்லுங்கள். அவளுடைய அறிவியல் பாடநூலை எடுத்து, அதிலுள்ள படங்களில் சோதனை செய்யும் ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று அவளோடு அமர்ந்து எண்ணிப் பாருங்கள். அவளே வியந்து வினாக்கள் கேட்பாள்.

வீட்டில் மின்விசிறியோ மிக்ஸியோ பழுதானால், பார்க்க மகனை மட்டும் அழைக்காதீர்கள். சமையலறையில் மகனுக்கும் பங்களியுங்கள். மாவு ஏன் புளிக்கின்றது, பால் ஏன் பொங்குகின்றது என்பதை இருவரும் சேர்ந்தே அறியட்டும். பெற்றோர் கூட்டத்திற்குச் சென்றால், "என் மகள் எத்தனை மதிப்பெண்?" என்பதோடு நிறுத்தாமல், "என் மகள் வகுப்பில் கேள்வி கேட்கின்றாளா? செய்முறை வகுப்பில் கருவியைத் தொடுகின்றாளா, அல்லது குறிப்பு மட்டும் எழுதுகின்றாளா?" என்றும் ஆசிரியரிடம் வினவுங்கள்.

செய்முறை வகுப்பு முடிந்து வர நேரமாகும் என்பது உண்மையான கவலை; அதனை எள்ளி நகையாட மாட்டோம். ஆனால் அதற்குத் தீர்வு, அருகிலுள்ள நான்கு வீட்டுப் பெண்கள் ஒன்றாகச் சென்று வரும் ஏற்பாடாக இருக்கலாம். அத்தாவோ அண்ணனோ வாரத்தில் இரு நாள் சென்று அழைத்து வருவதாக இருக்கலாம். படிப்பையே கைவிடுவது கடைசித் தீர்வாகவும் இருத்தல் கூடாது. பதினோராம் வகுப்பில் எடுக்கும் முடிவு, பின்னர் மருத்துவம், பொறியியல், வேளாண்மை, ஆராய்ச்சி என எத்தனையோ துறைகளின் தகுதியைத் தீர்மானிக்கின்றது. அன்று விட்டதைப் பின்னர் எட்டிப் பிடிப்பது எளிதன்று.

ஆசிரியைகளாகப் பணியாற்றும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நாளை உங்கள் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டபின், மனத்திற்குள் மூன்று வரை எண்ணுங்கள். பின்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் மாணவியை நோக்குங்கள். அவளிடம் விடை இருக்கக்கூடும்.

அடுத்த கோடையில் தேர்வு முடிவுகள் வரும்போது, மகனுக்காகக் கூடிப் பேசும் அதே பெரியவர்கள் மகளுக்காகவும் கூடிப் பேசட்டும். அந்தப் பேச்சில் முதலில் பேசும் வாய்ப்பு அவளுக்கே கிடைக்கட்டும். கற்கும் ஆர்வத்தையும், கற்றதால் பிறருக்குப் பயன்படும் பேற்றையும் நம் மக்கள் அனைவருக்கும் இறைவன் அருள்வானாக!